படிமம் தாமதமாக வருகிறது

தமிழில் 'படிமம்' என்ற சொல்லை இரண்டு கூட்டத்தார் வைத்திருக்கிறார்கள். 'எழுத்து' பத்திரிகை காலத்திலிருந்து புதுக்கவிதை பற்றிப் பேசிவருகிறவர்கள் ஒரு கூட்டம். சொல்ல வந்ததை விளக்காமல் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது படிமம் என்பது அவர்கள் கணக்கு. மருத்துவத்தைத் தமிழில் எழுத முயல்கிறவர்கள் இன்னொரு கூட்டம். எக்ஸ்ரே, எக்கோ, சி.டி., எம்.ஆர்.ஐ. எல்லாவற்றையும் சேர்த்து 'மருத்துவப் படிமவியல்' என்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை. ஆனால் இருவருக்கும் ஒரு நம்பிக்கை பொது. படிமம் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது, பார்த்ததற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்ற நம்பிக்கை.

இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கையைப் பற்றியது. இதற்காக நான் எடுத்துக்கொண்டிருப்பது கவிதை அல்ல, ஒரு நோயின் ஆவணங்கள். இதயத்தின் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்களுக்குக் கரோனரித் தமனிகள் என்று பெயர். அவற்றின் சுவர் பலவீனமாகி ஒரு பகுதி பலூன் மாதிரிப் புடைத்துக்கொள்வது அன்யூரிசம். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் கொழுப்புப் படிந்து கெட்டுப்போன தமனிகளில் வருகிறது. குழந்தைகளுக்கு வருவதென்றால் முக்கியக் காரணம் கவாசாகி நோய். இந்தப் புடைப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதன் வரலாறு, வாசிப்பைப் பற்றி எனக்குப் பல விமர்சன நூல்கள் சொல்லாததைச் சொல்லியது.

சரி, இதுக்கும் இலக்கியத்துக்கும் என்னங்க சம்பந்தம்னு கேக்கலாம். நோயை ஒரு பிரதி என்று சொல்லி அழகு பார்க்க எனக்கு விருப்பமில்லை. இங்கே உண்மையாகவே பிரதிகள் இருக்கின்றன. ஒரு மருத்துவர் எழுதிய நீண்ட விவரிப்பு, ஒரு நிழற்படம், ஒரு எண், ஓர் அம்மா சொல்லும் கதை. நான்கும் ஒரே தமனியைப் பற்றித்தான் பேசுகின்றன. நான்கும் ஒன்றையே சொல்வதில்லை.

விவரித்தவர்

1961 ஜனவரி. டோக்கியோவில் ஹிரோ பகுதியில் இருந்த செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில் தோமிசாகு கவாசாகி குழந்தை மருத்துவர். நான்கு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவருகிறார்கள். விடாத காய்ச்சல். இரண்டு கண்ணும் சிவந்திருக்கிறது, பீளை இல்லை. உதடு வெடித்திருக்கிறது. உடம்பெல்லாம் தடிப்பு, கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, கையும் காலும் வீங்கிச் சிவந்திருக்கின்றன. பிறகு விரல் நுனியில் தோல் உரிகிறது. அவருக்குத் தெரிந்த எந்த நோயிலும் இந்தப் பையன் அடங்கவில்லை. பையன் பிழைத்து வீட்டுக்குப் போனான். போகும்போது கவாசாகி பதிந்த நோயின் பெயர்: 'தெரியவில்லை.'

எனக்கு இந்த ஒரு சொல் மிகவும் பிடிக்கும். ஸ்கார்லெட் காய்ச்சல் என்று எழுதியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பெயர் ஒன்றைப் போட்டுவிட்டால் கண் மூடிக்கொள்கிறது. 'தெரியவில்லை' என்று எழுதியதால் அடுத்த வருடம் அதே மாதிரி இன்னொரு குழந்தை வந்தபோது அவரால் அடையாளம் காண முடிந்தது. அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. 1967இல் 50 குழந்தைகளைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை ஜப்பானிய மொழியில், ஒவ்வாமைத் துறைக்கான இதழ் ஒன்றில் வெளியிட்டார். அது ஆங்கிலத்தில் முழுமையாக வர 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கட்டுரையில் ரத்தப் பரிசோதனைகள் உண்டு, ஆனால் நோயை நிரூபிக்கும் பரிசோதனை என்று ஒன்று கிடையாது. இன்று வரைக்கும் கிடையாது. இருந்ததெல்லாம் கண். உதடு எப்படிச் சிவக்கிறது, நாக்கு எப்படிப் புள்ளி புள்ளியாகத் தடிக்கிறது, தோல் எங்கிருந்து உரியத் தொடங்குகிறது என்று ஒருவர் ஆறு வருடம் பார்த்து எழுதியது. நகத்துக்கும் சதைக்கும் நடுவிலிருந்து உரிகிறது என்கிற அளவுக்கு நுணுக்கம். பின்னால் வந்த எல்லா வழிகாட்டு நெறிகளும் அடிப்படையில் அந்த விவரிப்பின் சுருக்கம்தான். யதார்த்தவாத எழுத்து பற்றி நாம் பேசும்போது விவரம், விவரம் என்கிறோமே, விவரம் என்றால் இதுதான். அலங்காரத்துக்காகப் போட்டதல்ல, ஒன்றை எடுத்துவிட்டால் ஒரு குழந்தை தப்பிப்போகும்.

ஆனால் அந்த மகத்தான கட்டுரையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அதில் இதயம் இல்லை. நோய் வந்து தானே சரியாகிப் போய்விடும், பின்விளைவு இல்லை என்றுதான் அது நினைத்தது.

உள்ளே பார்த்தவர்கள்

1965இலேயே, அதே மருத்துவமனையில், நோயியல் மருத்துவர் நோபோரு தனாகா ஒரு குழந்தையின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்திருந்தார். கவாசாகி பார்த்துக் கண்டறிந்த குழந்தைகளில் ஒன்று. திடீரென்று இறந்துபோயிருந்தது. கரோனரித் தமனியில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது. 1970இல் ஜப்பான் முழுக்க ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்கள். பத்துக் குழந்தைகளின் பிரேதப் பரிசோதனை அறிக்கைகள் வந்து சேர்ந்தன. புடைத்த தமனிகளும் அவற்றில் உறைந்த ரத்தமும். அதற்குப் பிறகு வாதத்துக்கு இடமில்லை.

இன்னும் பின்னால் போனால், லண்டனின் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் 1871இல் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் இதயத்தை விவரித்து வைத்திருக்கிறார். கரோனரித் தமனிகளில் அன்யூரிசம். காய்ச்சலைப் பற்றியோ உரிந்த விரலைப் பற்றியோ அங்கே யாருக்கும் அக்கறை இல்லை. இன்று அதை வாசிக்கிறவர்கள் அது கவாசாகி நோயாகத்தான் இருந்திருக்கும் என்கிறார்கள்.

இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டோக்கியோக்காரரிடம் வெளி இருந்தது, உள் இல்லை. லண்டன்காரரிடம் உள் இருந்தது, வெளி இல்லை. ஒருவரிடம் கதை, இன்னொருவரிடம் முடிவு. நடுவே ஒரு நூற்றாண்டு ஓடியது. உருவமா உள்ளடக்கமா என்று நாம் காலங்காலமாகப் போடும் சண்டை ஞாபகத்துக்கு வருகிறது. எதை மட்டும் பார்த்தாலும் போதவில்லை என்பதோடு, எதை மட்டும் பார்க்கிறவருக்கும் அது போதவில்லை என்பதே தெரிவதில்லை.

கவாசாகியை இதற்காகக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. உயிரோடிருக்கிற குழந்தையின் தமனியை அன்றைக்குச் சாதாரணமாகப் பார்க்க வழியில்லை. பிரேதப் பரிசோதனை உண்மையைச் சொல்கிறது, கேட்கவேண்டியவருக்குச் சொல்வதில்லை. படிமம் தாமதமாக வருவதன் முதல் வடிவம் இது.

நிழல்

உயிரோடிருப்பவரின் கரோனரித் தமனியைப் பார்க்கும் வழி ஒரு தற்செயலில் திறந்தது. 1958 அக்டோபர் 30, அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக். மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் 26 வயது இளைஞர் ஒருவரின் மகாதமனியில் சாயத்தைச் செலுத்தப் போகிறார். குழாயின் நுனி நழுவி வலது கரோனரித் தமனிக்குள் போய்விடுகிறது. சாயம் நேராக உள்ளே இறங்குகிறது. இதயம் கொஞ்ச நேரம் நின்று, திரும்ப ஓடுகிறது. நோயாளி பிழைத்தார். எக்ஸ்ரே திரையில் அந்தத் தமனி மட்டும் தனியாகத் தெரிந்தது. ஆஞ்சியோகிராம் என்று இன்று நம் ஊர்களில் கறிக்கடைக்காரர் முதல் காலேஜ் புரொபசர் வரை எல்லாரும் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் அந்த நழுவல் இருக்கிறது.

1975இல் குரூமே பல்கலைக்கழகத்தின் ஹிரோஹிசா காட்டோவும் சகாக்களும் கவாசாகி நோயிலிருந்து தேறிய குழந்தைகளுக்கு ஆஞ்சியோகிராம் செய்து, உயிரோடிருக்கும் குழந்தைகளில் அந்தப் புடைப்புகளைக் காட்டினார்கள். மணி கோத்தது போல, தமனி நெடுக வீக்கங்கள். எழுபதுகளின் கடைசியில் எக்கோ வந்தது. ஒலியலையால் பார்ப்பது, ஊசியும் கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. குழந்தையை அம்மா மடியில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். இன்றைக்கும் குழந்தைகளுக்கு முதல் பரிசோதனை அதுதான்.

ஆஞ்சியோகிராமைப் பார்க்கும்போது நாம் எதைப் பார்க்கிறோம்? தமனியை என்போம். இல்லை. சாயம் கலந்த ரத்தத்தின் நிழலைப் பார்க்கிறோம். குழாய் தெரிவதில்லை, குழாய்க்குள் ஓடுவது தெரிகிறது. புடைப்புக்குள் ரத்தம் உறைந்து படிந்து, நடுவில் சாதாரண அகலத்துக்கு ஒரு வழி மட்டும் மிஞ்சியிருந்தால், ஆஞ்சியோகிராமில் அந்த இடம் ஒழுங்கான குழாய் போலவே இருக்கும். ஆபத்து இருக்கும் இடமே அமைதியாகத் தெரியும்.

இன்னொன்று. கவாசாகி நோயில் வரும் புடைப்புகளில் பாதிக்கும் மேல் ஒன்றிரண்டு வருடத்தில் படத்தில் மறைந்துவிடுகின்றன. 'பின்வாங்கிவிட்டது' என்பார்கள். ஆனால் தமனிக்குள்ளேயே ஒலியலைக் கருவியை அனுப்பிச் சுவரைப் பார்த்தால், உள்படலம் தடித்துப்போய்க் கிடப்பது தெரிகிறது. அந்த இடம் சாதாரணமாகச் சுருங்கி விரிவதுமில்லை. வழி பழைய அகலத்துக்குத் திரும்பியிருக்கிறது, சுவர் திரும்பவில்லை. தழும்பு ஆறிவிட்டது என்கிறோம், தழும்பு அங்கேயேதான் இருக்கிறது.

ஒவ்வொரு கருவிக்கும் அதன் குருட்டுப்புள்ளி உண்டு. எக்கோவில் தமனி தொடங்கும் பகுதி நன்றாகத் தெரியும். தூரம் போகப்போக மங்கும். குழந்தை வளர்ந்து மார்பு அகலமானால் இன்னும் கஷ்டம். சி.டி. ஆஞ்சியோகிராமில் கடைசி வரை தெரியும், சுவரில் படிந்த சுண்ணாம்பும் தெரியும், விலையாகக் கதிர்வீச்சு. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. சின்னக் குழந்தை அவ்வளவு நேரம் அசையாமல் இருக்காது, பெரும்பாலும் மயக்கம் கொடுக்க வேண்டும். எந்தக் கருவி சிறந்தது என்ற கேள்வியே தப்பு. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்தால்தான் எதில் கேட்பது என்று தெரியும்.

எண்

குழந்தைகள் இதயநோய் மருத்துவரான நண்பர் ஒருவர் எக்கோ அறையில் எனக்கு ஒரு வேலையைக் காட்டினார். குழந்தை அழுதுகொண்டிருக்கிறது, அம்மா செல்போனில் கார்ட்டூன் காட்டிக்கொண்டிருக்கிறார். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடிக்கிறது. நண்பர் படத்தை நிறுத்தி, தமனியின் ஒரு உள்விளிம்பில் ஒரு புள்ளியும் எதிர் உள்விளிம்பில் ஒரு புள்ளியும் வைத்தார். மூலையில் மில்லிமீட்டரில் எண் வந்தது. "இந்தப் புள்ளிய கொஞ்சம் தள்ளி வெச்சா வேற நம்பர் வரும், பாத்துக்க" என்றார்.

அந்த எண்ணை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் சுவாரசியமானது. ஜப்பானில் 1984இல் வகுத்த வரையறை நேரடியானது: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உள்விட்டம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், அதற்கு மேற்பட்ட வயதில் 4 மில்லிமீட்டரைத் தாண்டினால், அல்லது பக்கத்துப் பகுதியைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால், அசாதாரணம். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு நெறி வேறு வழி. குழந்தையின் எடை, உயரத்திலிருந்து உடல் பரப்பைக் கணக்கிட்டு, அதே பரப்புள்ள ஆரோக்கியமான குழந்தைகளின் சராசரியிலிருந்து இந்தத் தமனி எத்தனை படி விலகியிருக்கிறது என்று பார்க்கிறது. இதற்கு இசட் மதிப்பு என்று பெயர். 2க்குக் கீழே சாதாரணம். 2 முதல் 2.5க்குள் வெறும் விரிவு. 2.5 முதல் 5க்குள் சிறிய அன்யூரிசம். 5 முதல் 10க்குள் நடுத்தரம். 10ஐத் தொட்டாலோ விட்டம் 8 மில்லிமீட்டரை எட்டினாலோ ராட்சத அன்யூரிசம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தேன். 14 கிலோ எடையுள்ள மூன்று வயதுக் குழந்தை. இதயத்தின் முன்பக்கம் இறங்கும் இடது தமனி 2.6 மில்லிமீட்டர். ஜப்பானின் பழைய வரையறைப்படி மூன்றைத் தாண்டவில்லை, ஆகவே சாதாரணம். வட அமெரிக்காவில் பரவலாக இருக்கும் ஒரு சூத்திரத்தில் போட்டால் இசட் மதிப்பு ஏறக்குறைய 2.7. சிறிய அன்யூரிசம். அதே குழந்தை, அதே படம், அதே எண். புள்ளியை 0.2 மில்லிமீட்டர் உள்ளே நகர்த்தினால் மதிப்பு 2க்குப் பக்கத்தில் வந்து, அன்யூரிசம் 'விரிவு' ஆகிவிடும். இசட் மதிப்புக்கான சூத்திரங்களே பல உண்டு. எந்தக் குழந்தைகளை அளந்து உருவாக்கினார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். வீக்கம் பெரிதாகப் பெரிதாக வித்தியாசமும் கூடும்.

இதைப் படித்ததும் 'அப்போ எல்லாமே பார்வை சார்ந்ததுதான், உண்மைன்னு ஒண்ணும் இல்ல' என்று முடிவுக்கு வரும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. விமர்சன வகுப்பில் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அது ஒன்றுதான் போலிருக்கிறது. எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது. தமனி இருக்கிறது, புடைப்பு இருக்கிறது, அதில் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும். எல்லைக்கோடு மனிதர் போட்டது என்பதால் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருப்பது பொய்யாகிவிடாது. ராட்சத அன்யூரிசத்தை எந்தச் சூத்திரத்தில் போட்டாலும் அது பெரியதுதான். சூத்திரங்கள் சண்டை போடுவது விளிம்பில். விளிம்பில் நிற்கும் குழந்தைக்குத்தான் வாசிக்கிறவர் தேவை. ஒரே சூத்திரத்தைத் தொடர்ந்து வைத்துக்கொண்டு, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டு, கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கிறவர்.

பெரியவர்களுக்கான வரையறையிலும் ஒப்பீடுதான். பக்கத்திலுள்ள சாதாரணப் பகுதியைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் அன்யூரிசம். அமெரிக்காவில் 20,000 பேருக்கு மேல் ஆஞ்சியோகிராம் செய்து தொகுத்த பெரிய பதிவேடு ஒன்றிலிருந்து 1983இல் வந்த ஆய்வு 4.9 சதவீதத்தினரிடம் இதைக் கண்டது. ஆனால் தமனி முழுக்கவே விரிந்திருந்தால் எந்தப் பக்கத்து வீட்டைப் பார்த்து அளப்பது? ஒரு தலைமுறையின் மொழியே சீர்கெட்டிருக்கும்போது அதில் ஒருவரை மட்டும் எப்படி மோசம் என்பது என்ற பழைய விமர்சனச் சிக்கல்தான்.

அம்மா சொல்லும் கதை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கவாசாகி நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ரத்த தானம் செய்தவர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த இம்யூனோகுளோபுலினை நரம்பு வழியாக ஏற்றுவது. 1984இல் ஜப்பானிலிருந்தும் 1986இல் அமெரிக்காவிலிருந்தும் வந்த ஆய்வுகள் அதை நிலைநாட்டின. சிகிச்சை இல்லாவிட்டால் ஏறக்குறைய நான்கில் அல்லது ஐந்தில் ஒரு குழந்தைக்கு அன்யூரிசம் வரும். உரிய காலத்தில் கொடுத்தால் அது நூற்றுக்கு நான்கைந்தாகக் குறைகிறது. உரிய காலம் என்பது காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள்.

சிக்கல் இங்கேதான். முதல் வாரத்தில் எடுக்கும் எக்கோ பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். தமனி புடைக்க நாள் எடுக்கும். படத்தில் புடைப்பு தெரிந்த பிறகு சிகிச்சை தொடங்கலாம் என்று காத்திருந்தால், தடுக்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஆகும். அதனால்தான் முதல் எக்கோ சாதாரணம் என்பதால் நோய் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது என்று நெறிகள் சொல்கின்றன. சிகிச்சைக்குப் பிறகும் ஒன்றிரண்டு வாரத்தில் ஒருமுறை, நான்கு முதல் ஆறு வாரத்தில் இன்னொரு முறை பார்க்கச் சொல்கின்றன.

அப்படியென்றால் படிமத்துக்கு முன்னால் எதை வைத்து முடிவெடுப்பது? கதையை வைத்து. ஐந்து நாள் காய்ச்சல், கண், உதடு, தடிப்பு, கை கால், கழுத்து நெறி என்ற அடையாளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. ஒன்று வந்து போன பிறகு இன்னொன்று வரலாம். மருத்துவர் பார்க்கும் நாளில் குழந்தையிடம் இரண்டுதான் மிஞ்சியிருக்கும். மற்றதெல்லாம் அம்மாவின் வாயில் இருக்கிறது. "திங்கக்கெழம கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு டாக்டர், இப்ப பரவால்ல. தடிப்பு புதன்கிழமதான் வந்துச்சு." இந்த இரண்டு வாக்கியத்தில் நோய் இருக்கிறது. ஒரு கணத்தில் பார்க்கிற எந்தக் கருவியாலும் இதைப் பிடிக்க முடியாது.

ஓவியம் இடத்தின் கலை, கவிதை காலத்தின் கலை என்று லெஸ்ஸிங் 1766இல் எழுதினார். அந்தப் பிரிவினையை இருபதாம் நூற்றாண்டு எத்தனையோ விதத்தில் கலைத்துப்போட்டது. ஆனால் குழந்தை மருத்துவரின் மேசையில் அது இன்னும் உயிரோடிருக்கிறது. எக்கோ இடத்தைக் காட்டுகிறது, அம்மா காலத்தைச் சொல்கிறாள். அன்யூரிசம் இடத்தில் இருக்கிறது. அதைத் தடுக்கும் வாய்ப்பு காலத்தில் இருக்கிறது.

நம் ஊரில் இந்தக் கதைக்குக் கூடுதல் தடங்கல்கள் உண்டு. காய்ச்சலோடு தடிப்பு என்றால் 'அம்மை போட்டிருக்கு' என்று வேப்பிலை கட்டி, யாரையும் உள்ளே விடாமல் நாட்களை ஓட்டும் வீடுகள் இருக்கின்றன. ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் மருந்து ஒத்துக்கவில்லை என்று தடிப்பைத் தள்ளிவிடலாம். மாநிறக் குழந்தையின் தோலில் சிவப்பு அவ்வளவு எளிதாகத் தெரிவதில்லை. அதே சமயம் நமக்கு ஒரு துப்பும் உண்டு. பிறந்தவுடன் இடது கையில் போடும் பி.சி.ஜி. ஊசியின் தழும்பு இந்த நோயில் சிலருக்குச் சிவந்து தடிக்கிறது. அந்த ஊசி போடும் வழக்கமுள்ள ஜப்பானிலும் இது தெரிந்த அடையாளம். எப்போதோ எழுதி மறந்த வரி திரும்ப நினைவுக்கு வருவது மாதிரி.

படிமத்துக்கு எதிராகவே பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றிச் சொன்னால் அது சமன்படும். அன்யூரிசம் வரும் ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம். அடையாளங்கள் அவர்களிடம்தான் குறைவு. வெறும் காய்ச்சல் மட்டும், காரணம் தெரியாமல், ஏழு நாளுக்கு மேல். சொல்லக் கதையே இல்லை. அங்கே எக்கோவில் விரிந்த தமனி தெரிந்தால் அதுவே நோயை அறிவிக்கும் முதல் சான்று. கவாசாகியின் கண் போதாத இடத்தில் படிமம் வேலை செய்கிறது. 2020இல் கோவிட் தொற்றுக்குச் சில வாரம் கழித்துக் குழந்தைகளுக்கு வந்த கடும் அழற்சி நோயிலும் சிலரின் கரோனரித் தமனிகள் விரிந்திருப்பதை எக்கோ காட்டியது. அந்த வருடம் ஜூன் மாதம்தான் கவாசாகி தன் 95ஆவது வயதில் காலமானார்.

தீர்ப்பல்ல

இலக்கியத்தில் மருத்துவப் படிமம் எப்படி வருகிறது? தாமஸ் மன்னின் 'மாய மலை' நாவலில் (1924) ஹன்ஸ் காஸ்டோர்ப் எக்ஸ்ரே அறையில் ஒன்றுவிட்ட சகோதரனின் துடிக்கும் இதயத்தைப் பார்க்கிறான். அப்புறம் தன் கையையே வைத்து எலும்பைப் பார்க்கிறான். செத்த பிறகு தெரியவேண்டியதை முன்கூட்டியே பார்த்துவிட்ட அதிர்ச்சி. பிறகு காதலியின் எக்ஸ்ரே படத்தை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்கிறான். மிகச் சிறந்த பகுதி அது. ஆனால் அது ஏற்படுத்திய பழக்கம் இன்னும் நம்மை விடவில்லை. படிமம் என்றால் மரணத்தின் முன்னோட்டம்.

நம் சினிமாவும் சிறுகதைகளும் இதை இன்னும் சுருக்கிவிட்டன. டாக்டர் வெளிச்சப்பெட்டியில் ஃபிலிமை மாட்டுவார், கண்ணாடியைக் கழற்றுவார், முடிந்தது. ரிப்போர்ட் வந்தால் கதை திரும்பும். ரிப்போர்ட்டை யாரும் வாசிப்பதில்லை, வாங்கிக்கொள்கிறார்கள். சமீபத்தில் இணைய இதழ்களில் வந்த கதைகளைப் படிக்கும்போதும் கவனித்தேன். உறை பிரிக்கப்படுகிறது, ஒரு மருத்துவச் சொல் வருகிறது, பாத்திரம் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்க்கிறது. அந்தச் சொல்லை யார் எழுதினார், எதோடு ஒப்பிட்டு எழுதினார், மறுபடி எப்போது பார்க்கச் சொன்னார் என்ற கேள்வியே கதைக்குள் வருவதில்லை. இது தகவல் பிழை என்பதற்காகக் குறைசொல்லவில்லை. நிஜமான நாடகம் எங்கே இருக்கிறதோ அதைத் தவறவிடுகிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நிஜமான நாடகம் 'சாதாரணம்' என்று வரும் ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஐந்தாம் நாள் எடுத்த எக்கோவில் 'கரோனரித் தமனிகள் சாதாரணம்' என்று ஒரு வரி. வீட்டில் நிம்மதி. ஃபைலை பீரோவில் வைக்கிறார்கள். இரண்டாவது எக்கோவுக்கு வரச்சொன்ன தேதியில் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, குழந்தையும் ஓடி ஆடுகிறது. யார் மீதும் தப்பில்லை. அந்த வரி பொய்யும் இல்லை. அது ஐந்தாம் நாளின் உண்மை. அதை என்றைக்குமான உண்மையாக வாசித்ததில்தான் ஆபத்து. வெளியே தெரியாமல் வந்துபோன நோய், இருபது முப்பது வருடம் கழித்து, இளம் வயது மாரடைப்புக்காக எடுத்த ஆஞ்சியோகிராமில் சுண்ணாம்பு படிந்த புடைப்பாக வெளிப்பட்ட மனிதர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் படிக்கக் கிடைக்கிறது. இதை ஒருவர் கதையாக எழுதினால் நான் முதல் ஆளாக வாசிப்பேன்.

நாம் நல்ல விமர்சனம் என்பது எதை? பிரதியைப் பார்த்தவுடன் தீர்ப்பு சொல்வதை அல்ல. எப்போது எழுதப்பட்டது, எதோடு ஒப்பிடுகிறோம், எதைக் காட்ட இதற்கு வழியே இல்லை என்று கேட்பதை. எக்கோ படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நல்ல மருத்துவர் இந்த மூன்றையும் தினமும் கேட்கிறார். அவருக்கு இதற்கெல்லாம் விருது கிடையாது. இரண்டு புள்ளி, ஒரு எண், கீழே ஒரு தேதி.

அந்தத் தேதியை நாமும் வாசிக்கப் பழக வேண்டும். வீட்டில் ஒரு குழந்தைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லையென்றால், கண்ணும் உதடும் சிவந்து போனது எந்தெந்த நாள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்கேனில் வராத பகுதி அந்தத் தாளில் இருக்கும்.